நம் ஊரில் கன்சர்வேட்டருக்கு அங்கீகாரம் என்று ஒன்று இருக்கிறதா? பிரிட்டனின் ஏ.சி.ஆர். அங்கீகாரத்துக்கு முயற்சி செய்வதில் பலன் உண்டா?

செம்பூர்_காகிதம்

எல்லோருக்கும் வணக்கம். மும்பையில் காகிதம், ஓலைச்சுவடி, பழைய போட்டோ இவற்றுக்கான கன்சர்வேஷன் வேலை, அதாவது பழையதைச் சிதையாமல் காத்துச் சீர்செய்யும் வேலை செய்கிறேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அதற்கப்புறம் இங்கே சி.எஸ்.எம்.வி.எஸ். அருங்காட்சியகத்தில் மியூசியாலஜியும் கன்சர்வேஷனும் சேர்ந்த டிப்ளமோ, பிறகு ஒரு லேபில் சில வருடம், இப்போது சொந்தமாக. வீட்டின் பின்பக்க அறைதான் லேப். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை டீஹ்யூமிடிஃபயர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில் வரும் அன்று மட்டும் நான் வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தென் மும்பையில் ஒரு பழைய அறக்கட்டளை, பெயர் வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்தைய கணக்குப் பேரேடுகள், கடிதங்கள், சில வரைபடங்கள். பார்க்கக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்து கண்டிஷன் ரிப்போர்ட் எழுதி, என்னென்ன செய்வேன், எதைத் தொடமாட்டேன், எவ்வளவு ஆகும் எல்லாம் கொடுத்தேன். கமிட்டியில் ஒருவர் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "நீங்கள் அக்ரெடிட்டட் கன்சர்வேட்டரா?" என்றார். இந்தியாவில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது சார் என்றேன். நான் ஏதோ மழுப்புவதாக நினைத்துவிட்டார். கடைசியில் வேலை யாருக்குப் போனது தெரியுமா? பைண்டிங்கும் லேமினேஷனும் செய்யும் ஒரு கடைக்கு. அவர்களிடம் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. அது நிர்வாக முறைக்கான சான்று, பழைய காகிதத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது என்பதை அந்தக் கமிட்டியில் யாரும் யோசிக்கவில்லை.

லண்டனில் இருக்கும் தோழி, அந்த ஊர்க் கன்சர்வேட்டர்களின் சங்கமான ஐகான் தரும் ஏ.சி.ஆர். (அக்ரெடிட்டட் கன்சர்வேட்டர்) அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் போடு என்கிறாள். பவுண்டில் செலவு, வருடா வருடம் சந்தா, அதுவும் தனியாக வேலை செய்கிற எனக்கு. போட்டால் இங்கே யாராவது மதிப்பார்களா? அதற்கு ஈடாக நம் நாட்டில் எதுவுமே இல்லையா? அப்புறம் இன்னொன்று, நிறுவனத்தில் இருப்பவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், என்னைப் போன்றவர்கள் தொழிலில் புதுசாக வருவதைக் கற்றுக்கொண்டே இருக்க என்ன செய்கிறீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆர்கேபுரம்_பெரியவர்

அம்மா, உங்கள் பதில் சரியான பதில்தான், கேட்டவருக்குத்தான் விவரம் போதவில்லை. அப்படிப் பட்டியல் கிடையாது. ஆர்க்கிடெக்ட்டுக்கு 1972ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் ஒரு கவுன்சில், பதிவு எண் இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியாது. நமக்குச் சட்டமும் இல்லை, கவுன்சிலும் இல்லை. நாளைக் காலையில் ஒருவன் ஒரு பெவிக்கால் டப்பாவும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு கன்சர்வேட்டர் என்று போர்டு மாட்டினால் கேட்க ஆளில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு என் கணக்கு ஒன்று உண்டு (தில்லியில் அரசாங்க லேபில் காலம் தள்ளியவன், அதனால் கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கும்). இந்தத் தொழில் நம் நாட்டில் புதுசு இல்லை. தொல்லியல் துறையில் 1917இலேயே வேதியியலாளர் பதவி வந்துவிட்டது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் ரசாயனப் பாதுகாப்பு லேப் தொடங்கினார்கள், எஸ். பரமசிவன் அங்கே செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்பகுப்பு முறையில் எடுத்தார், தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியத்தின் சாந்தையும் நிறத்தையும் பிரித்து ஆராய்ந்து எழுதினார். உலகத்துக்கே பயிற்சி கொடுக்கிற இக்ரோம் ரோமில் இருக்கிறதே, அதைத் தொடங்குவது என்ற முடிவை எடுத்ததே இங்கே தில்லியில்தான், 1956இல் நடந்த யுனெஸ்கோ பொது மாநாட்டில். ஆனால் இந்த ஆட்கள் எல்லோரும் அரசாங்க ஊழியர்கள். வேலைக்கு எடுக்கும் விதியில் என்ன படிப்பு என்று எழுதியிருந்ததோ அதுதான் தகுதி. பணியில் சேர்ந்த பிறகு யாரும் வந்து உன் கைவேலை எப்படி இருக்கிறது என்று பார்த்ததில்லை. உங்களைப் போல வெளியில் தனியாக வேலை செய்கிறவர்கள் பெருகியது பின்னால் வந்த கதை, அவர்களுக்காக யாரும் ஏற்பாடு எதையும் யோசிக்கவில்லை.

தில்லியில் 1966இலிருந்து நம் தொழிலுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, ஐ.ஏ.எஸ்.சி. என்று சொல்வோம். கருத்தரங்கு, ஆய்விதழ் எல்லாம் உண்டு. கட்டாயம் உறுப்பினர் ஆகுங்கள், ஆட்களைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் உறுப்பினர் ஆவது வேறு, நாலு பேர் வந்து உங்கள் மேஜையில் இருக்கும் வேலையைப் பார்த்துத் தேறியவர் என்று சொல்வது வேறு. படிப்பு என்றால் நொய்டாவில் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரிட்டேஜ், முன்பு நேஷனல் மியூசியம் இன்ஸ்டிட்யூட் என்று 1989இல் தொடங்கியது, அங்கே கன்சர்வேஷனில் எம்.ஏ.வும் பிஎச்.டி.யும் உண்டு. லக்னோவில் என்.ஆர்.எல்.சி. என்ற மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வுக்கூடம், 1976இலிருந்து, அதன் கிளை மைசூரில். தேசிய ஆவணக் காப்பகத்தில் சில வாரங்களில் முடியும் சான்றிதழ்ப் படிப்புகள், உங்களைப் போலக் காகிதத்தில் இருப்பவர்களுக்குப் பொருத்தம். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் லேப்கள் பல ஊர்களில். இவை எல்லாம் நீங்கள் படித்தீர்கள் என்பதற்குச் சான்று. இன்றைக்கும் சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்குச் சான்று ஆகாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஐம்பதுகளில் இதே தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் அசிட்டோன் லேமினேஷன் முறையைக் கண்டுபிடித்தார்கள். மெஷின் வேண்டாம், சூடு வேண்டாம், கிழிந்த தாளின் இருபுறமும் செல்லுலோஸ் அசிடேட் ஃபிலிம், அதன் மேல் டிஷ்யூ, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரு தடவு. இந்திய முறை என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லாம் ஏறியது. கெட்டிக்காரத்தனமான வேலை, அந்தக் காலத்துக்கு. இன்றைக்கு அந்த அசிடேட் சுருங்கிப் புளித்த வாடை அடிக்கிறது, தாளிலிருந்து பிரித்தெடுக்கப் படாத பாடு. அஜந்தாவில் 1920களின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் ஓவியங்களின் மேல் ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ் பூசினார்கள், அது மஞ்சளித்து, அதை எடுப்பதே பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய வேலையாகிவிட்டது. அன்றைக்கு இவர்களில் யாரும் தகுதி இல்லாதவர்கள் இல்லை. அப்போதைக்குத் தெரிந்ததில் மிக நல்லதைத்தான் செய்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், ஒரு தடவை வாங்கிய பட்டத்தை வைத்து ஓய்வு பெறும்வரை ஓட்டுகிற தொழில் இது இல்லை.

பசவனகுடி_பாலா

பெரியவர் சொன்ன வரலாறு சரி. ஆனால் செம்பூர் மேடம் கேட்டது பிழைப்புக் கேள்வி, அதற்கு நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன்.

நான் பெங்களூரில் உலோகம் பார்க்கிறேன், பெரும்பாலும் வெண்கலம், கோயில் பாத்திரங்கள், கொஞ்சம் பழைய ஆயுதங்கள். (புளியும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய சிலையை என்னிடம் கொண்டுவந்து, "பழைய மாதிரி ஆக்கிக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்காகவே தனி இழை ஒன்று தொடங்கலாம்.) எனக்கு எந்த அங்கீகாரமும் இல்லை. ஏ.சி.ஆர். இருந்திருந்தால் கூடுதலாக ஒரு வேலை கிடைத்திருக்குமா என்றால் சத்தியமாக இல்லை. இங்கே டெண்டரில் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பது என்ன? டர்ன்ஓவர், இதே மாதிரி வேலை முன்பு செய்த ஆதாரம், ஜி.எஸ்.டி., முன்வைப்புத் தொகை. அப்புறம் யார் குறைந்த ரேட்டோ அவருக்கு வேலை. ஓவியத்துக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கும் ஒரே படிவம்.

அதனால் ஏ.சி.ஆருக்குப் போடுகிற காசுக்கு முன்னால் காசே இல்லாத சில வேலைகளை முடியுங்கள். உத்யம் பதிவு எடுத்துவிட்டீர்களா? சிறு நிறுவனமாகப் பதிந்தால் அரசு டெண்டர்களில் அந்த முன்வைப்புத் தொகை கட்டாமல் தப்பிக்கலாம், தனி ஆளுக்கு அது பெரிய விஷயம். ஜி.எஸ்.டி. வரம்பு சேவைக்கு 20 லட்சம், அதற்குக் கீழே என்றால் கட்டாயம் இல்லை, ஆனால் சில அலுவலகங்கள் எண் இல்லாதவரை உள்ளேயே விடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமானது, டெண்டர் வெளியாவதற்கு முன்பே பேசுங்கள். தரத்துக்கும் விலைக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற முறை அரசு விதிகளிலேயே இருக்கிறது, கியூ.சி.பி.எஸ். என்பார்கள். அறக்கட்டளைகள் அதை எடுத்துக்கொள்ளத் தடையே இல்லை, அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தகுதி நிபந்தனையை எப்படி எழுதுவது என்று ஒரு பக்கம் நாமே எழுதிக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். வேலைக்குப் பொறுப்பானவர் கன்சர்வேஷன் படித்திருக்க வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் முன்னும் பின்னும் படத்தோடு அறிக்கை தர வேண்டும், பயன்படுத்தும் பசை, கரைப்பான் எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும், பிளாஸ்டிக் லேமினேஷன் கூடாது. இந்த நாலு வரி போதும், உங்களிடமிருந்து வேலையைத் தட்டிப் பறித்த கடை தானாகவே வெளியே போய்விடும், ஐ.எஸ்.ஓ. சான்றிதழோடு.

அங்கீகாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோறு போடுவது அது இல்லை என்கிறேன்.

மாட்டுங்கா_ஜெயா

நான் உங்கள் தொழில் இல்லை, ஆனால் படித்துக்கொண்டே வருகிறேன். என் மாமியாரின் தஞ்சாவூர்ப் படம் ஒன்று, கிருஷ்ணர், ஒரு மூலையில் பூச்சு உப்பிக்கொண்டு வருகிறது. பக்கத்துத் தெரு ஃபிரேம் கடைக்காரர் "மாமி, புதுசு மாதிரி பண்ணித் தருகிறேன்" என்கிறார். உங்களுக்குள் யார் தேறியவர் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் எங்களைப் போன்றவர்கள் யாரை நம்புவது?

செம்பூர்_காகிதம்

மாமி, கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. பழைய தஞ்சாவூர்ப் படம் பலகை, அதன் மேல் துணி, அதன் மேல் சுண்ணாம்பும் புளியங்கொட்டைப் பசையும் கலந்த பூச்சு, அதன் மேல் தங்க ரேக்கும் கல்லும் நிறமும். இத்தனை அடுக்கில் எது எதிலிருந்து விடுபடுகிறது என்று பார்க்காமல் மேலே பசை தடவினால் உப்பல் நிற்காது. "புதுசு மாதிரி" என்றால் பெரும்பாலும் பழைய ரேக்கைச் சுரண்டிவிட்டுப் புது ரேக்கு ஒட்டி, முகத்தில் புதுப் பெயின்ட் போடுவது. உங்கள் மாமியாரின் கிருஷ்ணர் போய்க் கடைக்காரரின் கிருஷ்ணர் வருவார். யாரிடம் கொடுத்தாலும், தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறீர்கள், என்ன செய்யமாட்டீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். நீங்கள் ஒட்டுவதைப் பின்னால் இன்னொருவர் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதுவரை சுவரிலிருந்து இறக்கி, படம் மேலே பார்க்கும்படி தட்டையாக வையுங்கள், பூஜை அறை விளக்கு, ஊதுபத்திப் பக்கம் வேண்டாம். ஓவியம் என் துறை இல்லை, பார்க்கக்கூடிய ஆளின் விவரம் தனியே அனுப்புகிறேன்.

பாலா, உத்யம் பதிவு இல்லை. இந்த வாரமே செய்கிறேன்.

லீட்ஸில்_தாராவிக்காரன்

அக்கா, நான் ஏ.சி.ஆர். வாங்கியவன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிரிட்டனில் நிலைமையே வேறு, பெரிய நிதி கொடுக்கிற இடங்களும் அருங்காட்சியகங்களும் வேலைக்கு ஏ.சி.ஆர். ஆள் வேண்டும் என்று எழுதிவிடுகின்றன, ஆகவே இங்கே அதற்கு நேரடியான பலன் உண்டு. பாலா சொல்வதுபோல மும்பையில் அந்தப் பலன் கிடைக்காது, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அது பரீட்சை இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் உண்மையிலேயே செய்த வேலைகளில் சிலவற்றை எடுத்து எழுத வேண்டும். பொருளை எப்படிப் பார்த்தீர்கள், என்னென்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எப்படிச் செய்தீர்கள், வேலையை எப்படி நிர்வகித்தீர்கள், அதிலிருந்து என்ன கற்றீர்கள். அப்புறம் மதிப்பீட்டாளர்கள் உங்கள் வேலை இடத்துக்கே வருவார்கள், அதில் ஒருவராவது உங்கள் துறை தெரிந்தவர். ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கேள்விதான். என்னிடம் ஒரு கடிதக் கட்டைப் பற்றியே பிடித்துக்கொண்டார்கள். இரும்பு மையில் எழுதியவை, மை தாளைத் தின்றுகொண்டிருந்தது. மையின் இரும்பைக் கட்டிப்போடும் கால்சியம் ஃபைட்டேட் குளியல் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை என்றார்கள். மையோடு சேர்ந்து தண்ணீரில் கரையும் ஒரு சிவப்பு முத்திரை இருந்தது, அந்தக் கடிதங்களில் பாதியில் தாள் இன்னும் வளைந்து கொடுத்தது, அதனால் தண்ணீர் காட்டாமல், ஜெலட்டின் பூசிக் காயவைத்த மெல்லிய டிஷ்யூவை லேசான ஈரத்தில் மட்டும் ஒட்டி விரிசல்களைத் தாங்க வைத்து, பெட்டிக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தினேன் என்றேன். சரி, அந்த ஈரத்தில் இரும்பு அயனி நகரவில்லை என்று எப்படித் தெரியும் என்றார்கள். இரும்பு அயனி பட்டால் சிவக்கும் பாத்தோஃபினான்த்ரோலின் பட்டை வைத்துப் பார்த்த படம் ஃபைலில் இருந்ததால் தப்பித்தேன். செய்தது சரியா தவறா என்பதைவிட, செய்யாமல் விட்டதற்குக் காரணம் சொல்ல வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். புதியவர், ஓரளவு தேர்ந்தவர் என்று போய் நிபுணர் வரை படிகள் வைத்திருக்கிறார்கள், நிபுணராக இருக்க வேண்டியதில்லை, அதற்கு ஒரு படி கீழே, சிக்கலான வேலையைத் தன் பொறுப்பில் முடிவெடுத்துச் செய்ய வேண்டும்.

வாங்கிய பிறகும் விடமாட்டார்கள். தொழிலில் என்ன புதிதாகக் கற்றாய், அதனால் உன் வேலையில் என்ன மாறியது, அடுத்து என்ன கற்கப்போகிறாய் என்று அவர்கள் கேட்கும்போது எழுதி அனுப்ப வேண்டும். "மாறியது" என்ற அந்தப் பத்திதான் கஷ்டம். கருத்தரங்குக்குப் போனேன், சாப்பாடு நன்றாக இருந்தது என்றெல்லாம் எழுத முடியாது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சான்றளிப்பு முறை கொண்டுவரலாமா என்று அவர்களுடைய சங்கம் 2009இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுத்தது, வேண்டாம் என்று தோற்கடித்துவிட்டார்கள். அங்கே சக தொழில்காரர்கள் பார்த்துத் தரும் ஓர் உறுப்பினர் நிலையோடு நிறுத்திக்கொண்டார்கள். கனடாவில் அங்கீகாரத்துக்கென்றே தனிச் சங்கம் இருக்கிறது. ஐ.ஐ.சி. என்ற உலகச் சங்கம், 1950இல் தொடங்கியது, அதில் ஃபெல்லோ என்று தேர்ந்தெடுப்பார்கள், அதற்கும் மற்றவர்கள் பரிந்துரைக்க வேண்டும். நீங்கள் இந்தியாவிலேயே இருந்துகொண்டு நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றால் முதலில் ஐ.ஐ.சி. உறுப்பினர் ஆகுங்கள், ஏ.சி.ஆர். அப்புறம். கொஞ்ச காலம் இங்கே வந்து வேலை பார்க்க ஆசை இருந்தால் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் உதவித்தொகையைப் பாருங்கள், 1981இலிருந்து நடக்கிறது, நம் துறை ஆட்கள் பலர் அதில் வந்து போயிருக்கிறார்கள்.

பசவனகுடி_பாலா

தாராவித் தம்பி சொன்ன அந்த ஒரு நாள் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. சான்றிதழை விடுங்கள், அந்தக் கேள்வியை நமக்கு நாமே ஏன் நடத்திக்கொள்ளக் கூடாது? வெண்கலம் மேலும் அரிக்காமல் இருக்க நான் செய்யும் பென்சோட்ரையசோல் வேலையை இதுவரை ஒருவரும் எதிர்த்துக் கேட்டதில்லை. வாடிக்கையாளர் பச்சைக் களிம்பு போயிற்றா என்று மட்டும் பார்ப்பார். அந்த ரசாயனம் உடம்புக்கு ஆகாது, கையுறை, காற்றோட்டம் எல்லாம் சரியாக வைத்திருக்கிறேனா என்று வந்து பார்க்கக்கூட ஆளில்லை.

ஆர்கேபுரம்_பெரியவர்

பாலா தம்பி, சோறு போடாது என்று சொன்ன வாயால் இப்போது இதைக் கேட்கிறீர்கள், சந்தோஷம்.

செம்பூர் அம்மா கேட்டதில் கடைசிப் பகுதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை, தனியாக இருப்பவர் எப்படிக் கற்பது என்று. இப்போது காசு கொடுக்காமல் கிடைப்பதே எக்கச்சக்கம். கனடாவின் கன்சர்வேஷன் நிறுவனமான சி.சி.ஐ. வெளியிட்ட குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்கு, ஒரு பிரச்சினைக்கு, எல்லாம் இணையத்தில் இலவசம். அமெரிக்காவின் கெட்டி கன்சர்வேஷன் நிறுவனத்தின் பழைய புத்தகங்கள் பலவற்றை முழுசாக இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்கச் சங்கத்தின் விக்கியில் உங்கள் காகிதத் துறைக்கு விரிவான பகுதி இருக்கிறது. 1987இல் கான்ஸ் டிஸ்ட்லிஸ்ட் என்று தொடங்கி, இப்போது குளோபல் கன்சர்வேஷன் ஃபோரம் என்ற பெயரில் நடக்கும் மின்னஞ்சல் குழுவில் கேள்வி கேட்டால் உலகத்தில் எங்கிருந்தாவது ஒருவர் பதில் எழுதுவார். இக்ரோமின் ரீ-ஆர்க் முறை, குப்பை மாதிரி கிடக்கும் அருங்காட்சியகச் சேமிப்பு அறையைச் சின்னச் செலவில் ஒழுங்குபடுத்துவது, அதன் கையேடும் அப்படியே கிடைக்கிறது, நம் ஊர்க் கோயில், மடம், நூலகம் எல்லாவற்றுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஆனால் இவை எல்லாம் குளிர்ந்த தேசத்தில், ஏ.சி. அறையில் இருப்பவர்கள் எழுதியவை. ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். ஜூலை மாதம் செம்பூரில் அந்த எண்ணை எட்டுவது என்ன பாடு என்று உங்கள் கரண்ட் பில்லுக்குத்தான் தெரியும். ஆகவே படித்ததை இங்கே செய்து பார்த்து, மழைக்காலத்தில் என்ன ஆயிற்று என்று எழுதி வையுங்கள். மாவுப் பசையில் எவ்வளவு நாளில் பூசணம் வந்தது, மீத்தைல் செல்லுலோஸ் பசையில் வரவில்லையா, சுவடிக்குப் பூசிய எலுமிச்சைப் புல் எண்ணெய் அடுத்த வருடம் என்ன நிறத்தில் இருக்கிறது. நம் சீதோஷ்ணத்துக்கு இப்படிப்பட்ட எழுத்து மிகக் குறைவு. ஐ.ஏ.எஸ்.சி. இதழுக்கும் இப்படிப்பட்டது பொருத்தம். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து போடுவதைவிட அந்தக் கட்டுரை உங்களுக்குப் பெரிய அங்கீகாரமாக அமையும் என்பது என் எண்ணம், தாராவித் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

லீட்ஸில்_தாராவிக்காரன்

கோபம் இல்லை சார், ஆனால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. எழுதத் தெரிந்தவர்களுக்குக் கட்டுரை சரி. கையில் வேலை அற்புதமாக இருக்கும், எழுத வராது, அப்படி எத்தனை பேர்! பழைய பைண்டிங் குடும்பங்களில், ஸ்தபதி வீடுகளில். அவர்களை யார் வந்து பார்த்து இவர் தேறியவர் என்று சொல்வது? கட்டுரையை வைத்து அளந்தால் படித்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவோம். இடத்துக்குப் போய், மேஜையில் இருப்பதைப் பார்த்து, அவர்கள் மொழியிலேயே பேசி மதிப்பிடுகிற முறை நம் நாட்டுக்கு இங்கிலாந்தைவிட அதிகமாகத் தேவை.

ஆர்கேபுரம்_பெரியவர்

அது நியாயமான பேச்சு. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

செம்பூர்_காகிதம்

எல்லோருக்கும் நன்றி. ஏ.சி.ஆரை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன், ஆனால் அவர்கள் கேட்பது போலவே ஃபைலை இன்றைக்கே எழுத ஆரம்பிக்கலாம் என்று தோன்றுகிறது, பின்னால் எப்போது விண்ணப்பித்தாலும் அப்படியே எடுத்துக் கொடுக்கலாம் அல்லவா. பாலா சொன்ன நாலு வரி நிபந்தனையை ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதி இங்கே போடுகிறேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தி எழுத என் கணவரின் உதவி தேவைப்படும், கரண்ட் பில் பேச்சு ஓய்ந்ததும் கேட்கிறேன்.

பாலா கேட்டதைச் செய்துவிடலாமே. மாதம் ஒருவர் ஒரு ட்ரீட்மென்ட் ரிப்போர்ட்டைப் போடட்டும், மற்றவர்கள் ஏன் இதைச் செய்யவில்லை, அதை ஏன் செய்தாய் என்று குடையட்டும். எழுத வராதவர்கள் வீடியோ எடுத்துப் பேசினாலும் சரி.

பசவனகுடி_பாலா

நான் தயார். ஒரே ஒரு விஷயம், உடைமையாளர் பெயர், பொருள் எங்கே இருக்கிறது என்ற விவரம், பதிவெண் தெரியும் படம் எதுவும் வரக் கூடாது. சிலை விஷயத்தில் யார் எதற்காகப் படிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. இனிமேல் ஒப்பந்தத்திலேயே, தொழில்முறை விவாதத்துக்காகப் பெயர் இல்லாமல் படங்களைப் பயன்படுத்துவேன் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய வேலைகளுக்கு உடைமையாளரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டுங்கா_ஜெயா

படத்தை இறக்கி வைத்துவிட்டேன். ஃபிரேம் கடைக்காரரிடம் எழுதிக் கேட்டேன், "எழுதுவதற்கு என்ன மாமி இருக்கிறது" என்றார். செம்பூர், அந்த ஓவிய ஆளின் நம்பர் இன்னும் வரவில்லை.

செம்பூர்_காகிதம்

இப்போது அனுப்பிவிட்டேன் மாமி, பாருங்கள். முதல் ரிப்போர்ட்டை நானே போடுகிறேன், பூஞ்சை பிடித்த ஒரு குடும்பக் கணக்கு நோட்டு, உடைமையாளரிடம் சம்மதம் கேட்டிருக்கிறேன், வந்ததும் ஏற்றுகிறேன். பெரியவர் சார், திட்டுவதாக இருந்தால் தனிச்செய்தியில் வேண்டாம், இங்கேயே திட்டுங்கள்.